பாலத்துக்கு மேலா, கீழா

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். மருத்துவச்சி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணியில் ரத்தம் இருந்தது.

"பொண்ணு, குழந்தைக்குக் காலு முதல்ல தெரியுது. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல. டாக்டரம்மாவுக்குப் போன் போடணும். இங்க இங்கிலீசு படிச்சவ நீ ஒருத்திதான், ஓடு."

அடுப்பைக்கூட அணைக்கவில்லை. அப்படியே இறங்கி ஓடினேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. கல்யாணமாகி கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் ரயில்வேயில் தந்தி குமாஸ்தா. அன்று அவருக்குக் கிள்ளான் ஸ்டேஷனில் வேலை. மாலை வண்டியில்தான் திரும்புவார். பிரசவ வலியில் கிடந்தவள் பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளுடைய புருஷன் ரயில்வே யார்டில் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை பார்த்தார். அவரை நான் அண்ணே என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவர்களுக்கு வரப்போகும் முதல் குழந்தை அது. சனிக்கிழமை காலையிலிருந்து வலி.

நான் கிள்ளானில் மிஷன் பெண்கள் பள்ளியில் ஆறாம் ஸ்டாண்டர்ட் வரை படித்தவள். லயத்தில் அது பெரிய படிப்பு. யாருக்காவது ஆபீஸிலிருந்து காகிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் படிப்பதும் எழுதுவதும் வேறு. டாக்டரம்மா வெள்ளைக்காரி. ஒரு வெள்ளைக்காரியோடு போனில் பேசியது அதற்கு முன்னால் ஒரு தடவைகூடக் கிடையாது.

சரக்கு ஆபீஸ் பத்து நிமிஷ நடை. ஓடியதால் சீக்கிரம் போய்ச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குமாஸ்தாக்கள் ஒருவரும் இல்லை. பியூன் ஒருவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரே எழுந்து சுவரில் மாட்டியிருந்த போனின் கைப்பிடியைச் சுற்றி, தாய்சேய் டாக்டரம்மாவின் இடத்துக்கு லைன் கேட்டு, குழாயை என் கையில் கொடுத்தார். அதை எந்தப் பக்கம் காதில் வைப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர்தான் திருப்பி வைத்தார்.

முதலில் ஒரு நர்ஸ் பேசினாள். நான் "ஹலோ, மேடம்" என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. அவள் ஒரு விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, "போலே சாக்காப் மெலாயு?" என்றாள். மலாயில் பேச முடியுமா என்று கேட்டாள்.

முடியும். கிள்ளான் பாசாரில் மீன்காரனோடும் காய்க்காரியோடும் பேசிப் பேசி வளர்ந்தவள் நான். மலாய் எனக்கு யோசிக்காமலே வரும். ஆனால் பியூன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். லயம் முழுக்க என்னை இங்கிலீஷ் படித்தவள் என்று நம்பி அனுப்பியிருந்தது. ஆறு வருஷம் மிஷன் பள்ளியில் படித்துவிட்டுக் கடைசியில் மீன் வாங்குகிற பாஷையிலா பேசுவது என்று ஒரு ரோஷம் வந்தது.

"ஐ ஸ்பீக் இங்கிலீஷ், மேடம்" என்றேன்.

டாக்டரம்மா லைனில் வந்தார். குழந்தை, கால், நேற்றிலிருந்து வலி, ரத்தம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த வார்த்தைகள் தடுமாறாமல் வந்தன. டாக்டரம்மா இரண்டே கேள்விதான் கேட்டார். பிறகு, உடனே கிளம்புகிறேன், பெரிய சாலையிலிருந்து எப்படி வரவேண்டும், மெதுவாகச் சொல் என்றார்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளியில் என் கட்டுரைகளில் டீச்சர் சிவப்பு மையில் சுழித்ததெல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகளைத்தான். பெரிய வார்த்தைகளில் நான் தப்புவிட்டதில்லை. தமிழில் வீட்டில், மேசையில், முனையில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு 'இல்' போதும். இங்கிலீஷில் மூன்றுக்கும் மூன்று வார்த்தை. எது எங்கே என்று எனக்கு மனதில் படிந்ததே இல்லை. குருட்டாம்போக்கில் ஒன்றைப் போடுவேன். பாதி சரியாக இருக்கும், பாதி சுழிக்கப்படும். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

எங்கள் வீட்டுக்கு வழி சொல்வது தமிழில் ரொம்ப லேசு. பெரிய சாலையில் நேராக வந்து, பாலம் தாண்டி, கோயிலுக்குப் பின்னால். லயத்தில் பாலம் என்றால் ரயில் பாலம். தெற்கே போகும் ரயில் அதன் மேலே ஓடும். மண் சாலை அதற்கு அடியில் நுழைந்து எங்கள் பக்கம் வரும். ஆற்றுக்கு மேலே ஒரு சாலைப் பாலமும் கொஞ்சம் முன்னாலேயே இருந்தது. நாங்கள் யாரும் அதை அதிகம் பயன்படுத்தியதில்லை, அதனால் அது எங்கள் பேச்சில் வராது.

பாலம் தாண்டி. அந்தத் 'தாண்டி'க்கு என்ன வார்த்தை என்று தேடினேன். பள்ளிப் பாடத்தில் குதிரை ஒன்று வேலியைத் தாண்டும். அதற்கு 'ஓவர்' என்று போட்டிருக்கும்.

"கம் ஸ்ட்ரெய்ட், மேடம். கோ ஓவர் த பிரிட்ஜ். தென் டெம்பிள். வீ ஆர் பிஹைண்ட் த டெம்பிள்."



"ஓவர் த பிரிட்ஜ்?" என்று டாக்டரம்மா திருப்பிக் கேட்டார்.

"யெஸ், மேடம். ஓவர்."

குழாயை மாட்டிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. பியூன், "அடேயப்பா, வெள்ளைக்காரி மாதிரியே பேசிட்டீங்களே அக்கா" என்றார். வழியெல்லாம் அந்தப் பேச்சு மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அக்கா அங்கே அலறிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குள் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

கார் வர கால் மணி நேரம் போதும். லயத்துக்குத் திரும்பியதும் அண்ணன் ஓடிவந்தார்.

"வராங்களா தங்கச்சி?"

"கிளம்பிட்டாங்கண்ணே. இப்ப வந்துருவாங்க."

அவர் உள்ளே போவதும் வாசலுக்கு வருவதுமாக இருந்தார். உள்ளேயிருந்து வந்த அலறல் குறைந்து முனகலாகிவிட்டது. அலறலைவிட அதுதான் பயமாக இருந்தது. மருத்துவச்சி தலையை நீட்டி, "எங்க, இன்னும் காணோமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். நான் நிற்க முடியாமல் ரயில் பாலத்துக்கே போய்விட்டேன். கார் அந்த வழியாகத்தான் நுழைய வேண்டும். பாலத்தின் அடியில் நிழலாக இருந்தது. அங்கே நின்றால் பெரிய சாலை தெரியும்.

ஒரு மாட்டு வண்டி வந்தது. பிறகு ஒரு ரிக்‌ஷா. பிறகு யாருமில்லை. வெயில் மண்ணிலிருந்து கண்ணில் அடித்தது. அண்ணன் இரண்டு தடவை ஓடிவந்து என்னருகில் நின்று சாலையைப் பார்த்துவிட்டு, திரும்பி ஓடினார். இரண்டாம் தடவை அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது. கார் பழுதாகியிருக்குமோ, வேறு யாராவது கூப்பிட்டிருப்பார்களோ என்றெல்லாம் நினைத்தேன். நான் சொன்ன வழியில் தப்பிருக்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் தெற்கே போகும் ரயில் வந்தது. நான் பாலத்தின் அடியில் நின்றிருந்தேன். தலைக்கு மேலே ஒவ்வொரு பெட்டியாகத் தடதடத்துக்கொண்டு போனது. இரும்பிலிருந்து துரு உதிர்ந்து என் தோளில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். ரயில் மேலே போகிறது. நான் கீழே நிற்கிறேன். பாலத்துக்கு மேலே போவது ரயில். கார் எப்படி மேலே போகும்?

 சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்மேட்டின் மேல் ஏறினேன். தண்டவாளத்தின் ஓரம் நின்று பார்த்தால் ஆற்றின் அக்கரை தெரியும். அங்கே ஒரு சீனர் கோயில் உண்டு. அதன் சிவப்புக் கூரைக்குப் பின்னால், அத்தாப்பு ஓலைக் குடிசைகளுக்கு நடுவே, ஒரு கறுப்புக் கார் நின்றுகொண்டிருந்தது.

பாலத்துக்கு மேலே போய், கோயிலுக்குப் பின்னால். நான் சொன்ன இடத்தில்தான் டாக்டரம்மா இருந்தார்.

மேட்டிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் சிராய்த்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பெரிய சாலைக்கு ஓடி, ஆற்றுப் பாலத்தில் ஏறி, அக்கரைக் கம்பத்துக்குள், அந்தக் குடிசைக் கிராமத்துக்குள், நுழைந்தேன். செருப்பு எங்கேயோ போய்விட்டது. டாக்டரம்மா கையில் பையோடு வெயிலில் நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. அவருடைய மலாய்க்கார டிரைவர் ஒவ்வொரு வீடாகக் கேட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"மேடம், ராங் பிரிட்ஜ். மை மிஸ்டேக்" என்றேன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. "கெட் இன்" என்றார்.

முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கார் திரும்பியது. "எப்படிப் போகணும், சொல்" என்று பின்னாலிருந்து டாக்டரம்மா இங்கிலீஷில் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். எந்தச் சின்ன வார்த்தையைத் தொட்டாலும் பயமாக இருந்தது. 'அட்' என்று ஆரம்பித்து நிறுத்தினேன். 'இன்' என்று மாற்றினேன். அதுவும் சரியில்லை என்று தோன்றியது. சாலையோ ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "மானா?" என்றார். எங்கே என்று ஒரே வார்த்தை.

அவ்வளவுதான். மலாயில் கொட்டினேன். ஆற்றுப் பாலத்தில் திரும்பிப் போய், பெரிய சாலையில் இடப்பக்கம் திரும்பி, நேராகப் போய், ரயில் பாலத்துக்கு அடியில். பாலத்துக்குக் கீழே என்பதற்கு மலாயில் இரண்டே வார்த்தை. பாவா ஜம்பத்தான். எந்த வார்த்தைக்கும் நான் யோசிக்கவில்லை.

டிரைவர் வண்டியை விரட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மலாயில் சொன்னார்: "பாவா ஜம்பத்தான் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. போன் பேசும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைக் கூப்பிட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னார். பின்னாலிருந்து டாக்டரம்மா, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டார்.  காது கேளாதவள் மாதிரி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் அண்ணன் நின்றிருந்தார். கார் நிற்பதற்குள் டாக்டரம்மா இறங்கி உள்ளே போய்விட்டார். கதவு மூடிக்கொண்டது. வெந்நீர், துணி என்று மருத்துவச்சி கேட்கக் கேட்க நான் எடுத்துக் கொடுத்தேன். கதவிடுக்கில் அக்காவின் ஒரு கை மட்டும் தெரிந்தது. பாயின் ஓரத்தைப் பிடித்திருந்த கை. கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தம் அடங்கியது. ஒரு குழந்தையின் அழுகைக்காக லயத்தில் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். அது வரவே இல்லை. யாரோ எதையோ தட்டும் ஓசை மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

டாக்டரம்மா வெளியே வந்து குழாயில் கை கழுவினார். ஆண் குழந்தை, மூச்சு இல்லை, தாய் பிழைத்துக்கொள்வாள் என்று என்னிடம் சொல்லி, புருஷனிடம் சொல்லச் சொன்னார். நான் அண்ணனிடம் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

காரில் ஏறப்போன டாக்டரம்மாவின் பக்கத்தில் போய், "மேடம், இஃப் யூ கேம் பிஃபோர்?" என்று கேட்டேன்.

 "ஐ டோன்ட் நோ" என்றார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஏன் தாமதம் என்று அவர் அங்கே யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார் போய்விட்டது.

மாலை என் கணவர் கிள்ளானிலிருந்து வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் மலாயில் பேசச் சொன்னதையும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து கேட்டார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. வெள்ளைக்காரம்மா வழி தெரியாம சுத்திட்டாங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கிறாங்க. அப்படியே இருக்கட்டும். செத்த குழந்தை திரும்பியா வரப்போகுது?"

மூன்று நாள் அப்படியே இருந்தேன். அக்காவுக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு எனக்காக வெயில்ல எப்படி ஓடுன நீ" என்றாள். அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

நாலாம் நாள் மாலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய தாள் ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார். முகச்சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் கணவர் டூட்டியில் இருந்தார்.

"தங்கச்சி, ஒரு பெட்டிஷன் எழுதணும். இங்கிலீசுல. பெரிய துரைக்கு."

"என்ன பெட்டிஷன்ணே?"

"அந்த டாக்டரம்மா மேல. போன் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல கழிச்சு வந்தாங்க. லயத்துக்காரன் வீடுதானேன்னு ஆற அமர வந்தாங்க. துரைமார் வீடா இருந்தா இப்படி வருவாங்களா? யார்டுல எல்லாரும் கையெழுத்துப் போடுறேன்னு சொல்லிட்டாங்க. நான் சொல்லச் சொல்ல நீ எழுது."

பேனாவை எடுத்தேன். தாளை மேசையில் விரித்தேன். 'சார்' என்று எழுதி ஒரு கோடு இழுத்தேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். பொறுமையாக, கணக்காக, அன்று நடந்ததை வரிசையாகச் சொன்னார். எத்தனை மணிக்கு நான் போனேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன், தான் எத்தனை தடவை பாலத்தடிக்கு ஓடினார் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது. என் பேனா அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மை ஊறி, தாளில் பொட்டு பெரிதாகிக்கொண்டிருந்தது.

"எழுது தங்கச்சி."

"அண்ணே, அவங்க ஆற அமர வரல. போன் வச்ச உடனே கிளம்பிட்டாங்க."

"அப்ப ஆத்துக்கு அந்தாண்ட காரைப் பாத்ததா யார்டுல சொல்றாங்களே, அங்க எதுக்குப் போனாங்க?"

"நான்தான் அனுப்புனேன்."

அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். கீழே என்று சொல்ல வேண்டிய இடத்தில் மேலே என்று சொல்லிவிட்டேன் என்றேன். டாக்டரம்மா திருப்பிக் கேட்டதையும், நான் ஆமாம் என்றதையும் சொன்னேன். நர்ஸ் மலாயில் கேட்டதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தேன். அதை விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும் என்று தோன்றியது.

 ஓங்கி அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் தாளை எடுத்தார். மை காயாமல் இருந்ததை ஊதிக் காயவைத்தார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எழுத வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு என் கணவர் என்னோடு பேசவில்லை. யார்டு முழுக்க இது பரவி, தனக்குத் தலைகுனிவாகும் என்று பயந்தார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. கையெழுத்துப் போடக் காத்திருந்தவர்களிடம், பெட்டிஷன் வேண்டாம் என்று முடிவுபண்ணிவிட்டேன் என்று மட்டும் சொன்னாராம். அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அது எனக்கு எப்படித் தெரிந்ததென்றால், மறுநாள் நான் கொண்டுபோன கஞ்சியை மருத்துவச்சி வாசலிலேயே வாங்கிக்கொண்டு, "தூங்குறா" என்றாள். உள்ளே அக்கா இருமும் சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாள் நான் போகவில்லை.

முப்பது நாள் கழிந்து அக்கா குழாயடிக்கு வரத் தொடங்கினாள். நான் போகும் நேரத்தில் வரமாட்டாள். ஒரே சுவர்தான் நடுவில். அவள் அம்மி அரைப்பதும், பாத்திரம் உருட்டுவதும் எனக்குக் கேட்கும். நான் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் அவளே வந்தாள். வாசலில் நிற்காமல் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள்.

"நீ போன்ல என்ன சொன்னே? அத அப்படியே சொல்லு."

"வேணாம்கா."

"சொல்லு. நான் கேக்கணும்."

சொன்னேன். இங்கிலீஷில் அந்த நாலு வரியையும் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எது தப்பு?"

"ஓவர்."

"என்ன சொல்லியிருக்கணும்?"

"அண்டர்."

"ஓவரு" என்றாள் மெதுவாக. பிறகு, "அண்டரு". இரண்டையும் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் கேக்குது" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அழுதேன். அவள் எனக்கு ஆறுதல் சொல்லவுமில்லை, எழுந்து போகவுமில்லை. அடுப்பில் இருந்த குழம்பு அடிபிடிக்கும் வாசனை வந்ததும் அவள்தான் எழுந்துபோய் இறக்கி வைத்தாள்.

அதற்குப் பிறகு பேசிக்கொண்டோம். பழைய மாதிரி இல்லை, ஆனால் பேசிக்கொண்டோம். இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஒன்பதாம் மாதம் அவள் என்னிடம், "வலி வந்தா நீதான் போன் போடணும்" என்றாள். சோதிக்கிறாளா, நம்பித்தான் சொல்கிறாளா என்று தெரியவில்லை. நான் முடியாது என்றேன். வலி வரும்வரை காத்திருக்கவும் விடமாட்டேன் என்று சொல்லி, நாள் நெருங்கும் முன்பே ஒரு ரிக்‌ஷா பிடித்து, அவளை நானே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆறு நாள் அங்கே இருந்தாள். ஏழாம் நாள் விடியற்காலையில் பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள்.

அன்று காலை குழந்தையை நான் மடியில் வைத்திருந்தபோது அண்ணன் வார்டுக்குள் வந்தார். பாலத்தடியில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு, பெட்டிஷன் எழுத வந்த மாலையைத் தவிர, அவர் என் பக்கத்தில் வந்ததே இல்லை. வந்து நின்று குழந்தையைப் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டினார். நான் குழந்தையை அவர் கையில் வைத்தேன். தலையைத் தாங்கிப் பிடிக்கத் தெரியாமல் அவர் திணறினார். நான் அவர் கையைப் பிடித்துச் சரியாக வைத்துக் காட்டினேன். அதற்கு விட்டுக்கொடுத்தார்.  பிறகு அவருக்குச் செந்தூலுக்கு மாற்றலாகி, வீட்டைக் காலிசெய்து கிளம்பும் அன்று, அக்கா குழந்தையோடு வந்து என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள். அவர் மாட்டு வண்டியில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.